'சுவா' என்னும் பிரெஞ்சு வினையும் கணித வழக்கும்

பிரெஞ்சு மொழியிலுள்ள கணித நூல்களைப் பயில்வோர் பக்கந்தோறும் எதிர்ப்படக் காணும் சொல் 'சுவா' என்பதாகும். 'எத்ர்' என்னும் இருத்தல் வினையின் படர்க்கை ஒருமை வடிவம் இது. நிகழ்ந்ததைக் கூறாது, கருதப்படுவதையும் விரும்பப்படுவதையும் கூறும் பாங்கில் அமைந்தது. இலத்தீனில் 'சித்' என்பது இதற்கு இனமானது. யூக்கிளிட்டும் தமது கிரேக்க நூலிலே 'எசுத்தோ' என்னும் ஏவல் வடிவைக்கொண்டே கோட்டினை நம்முன் நிறுத்துகின்றார். 1637 இல் தேக்காட்டு தமது கேத்திரகணிதத்தைப் பிரெஞ்சில் எழுதியபோது 'சுவா'வைக் கையாண்டார்.

பன்மைக்கு எழுத்து வேறுபடும், ஒலி வேறுபடாது. இரு கோடுகளைக் குறிக்குமிடத்தும் ஒருமை வடிவையே எழுதுவாருளர். இலக்கண நூலார் இரண்டையும் ஏற்பர். வினை தன் வினைத்தன்மை குன்றி இடைச்சொற்போல் உறைந்துவருதலை இது காட்டும். நமது வியங்கோளோ ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொதுவாதலின் இவ்விடர்ப்பாடு நமக்கில்லை.

ஆங்கிலத்தார் இவ்விடத்து வழங்கும் 'லெற்' என்பதற்கு இடங்கொடுத்தல் என்னும் பொருளும் உண்டு. "யாரிடம் அனுமதி கேட்கின்றோம்?" என என் மாணவன் ஒருவன் வினவியதுண்டு. வினா நகைப்புக்குரியதன்று. 'சுவா'வில் அனுமதியுமில்லை, வேண்டுதலுமில்லை. பொருளொன்று முன்வைக்கப்படுகின்றது, அவ்வளவே. சொல்லளவில் அதற்கு நேரானது 'ஆகுக' என்பது. எனினும் நம் பாடநூல்கள் வழங்கும் 'என்க' என்பதையே யான் சிறந்ததெனக் கொள்வேன். 'ஆகுக' என்றவுடன் பொருள் உண்டாகிவிட்டதென மயங்க இடமுண்டு. 'என்க' என்பதோ நாம் அவ்வாறு சொல்லுகின்றோம் என்பதை மறைப்பதில்லை.

இம்மயக்கம் விடைத்தாள்களிலே ஆண்டுதோறும் வெளிப்படுவது. √க = −2 என்னும் சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். 'க ஒரு தீர்வாகுக' எனத் தொடங்கிய மாணவன் இருபக்கத்தையும் வர்க்கித்து, க = 4 எனப் பெற்று, விடையின் கீழ்க் கோடிட்டு முடிக்கின்றான். 4 இன் நேர் வர்க்கமூலம் 2 ஆதலின் அச்சமன்பாட்டுக்கு மெய்யெண்களுள் தீர்வே இல்லை. வர்க்கித்தலிற் குற்றமில்லை, முதல் வரியிற் கருதிக்கொண்டதை இறுதி வரியில் இருப்பதாகக் கொண்டதே குற்றம். அவன் உண்மையில் நிறுவியது, தீர்வொன்று இருக்குமாயின் அது 4 ஆதல் வேண்டும் என்பது மட்டுமே.