முந்தல் வெக்கையில் ஓவர்குளோக்கிங்

ப்ராசஸரை நிறுவனம் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் ஆசைக்கு நியாயமான வரலாறு உண்டு. 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ-யில் பஸ் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றினால் போதும், 300 மெகாஹெர்ட்ஸ் சில்லு 450இல் ஓடியது. மலிவுச் சில்லு, பன்மடங்கு விலையுள்ள பென்டியம் 2-ஓடு போட்டி போட்டது. கையில் காசில்லாத மாணவர்களுக்கு அது பொற்காலம்.

குறித்த வேகத்துக்கும் சில்லின் உண்மைத் திறனுக்கும் இடையே இருந்த அந்த இடைவெளி இன்று பெரும்பாலும் மூடிவிட்டது. சூடும் மின்சாரமும் இடம்கொடுக்கும் வரை சில்லே தன் வேகத்தை ஏற்றிக்கொள்கிறது. மிச்சமிருக்கும் கொஞ்சத்தைக் கறக்க, இன்டெலில் ‘கே’ எழுத்துச் சில்லும் ‘இசட்’ வரிசை மதர்போர்டும் வேண்டும். இரண்டுமே விலை கூடியவை. ரைசனில் பெரும்பாலானவை பூட்டின்றி வருகின்றன.

புதியவர்கள் தவறவிடுவது மின்னழுத்தக் கணக்கை. சில்லின் மின்நுகர்வு வேகத்தோடு நேராகவும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறும். 10 சதவீத வேகத்துக்காக 1.2 வோல்ட்டை 1.35 ஆக்கினால், சூடு ஏறத்தாழ 39 சதவீதம் கூடுகிறது. அதை அறைக் காற்றில்தான் கொட்டியாக வேண்டும். 20 பாகை அறையில் 80 காட்டும் சில்லு, இலங்கையின் முந்தல் கரையில் மதியம் 32 பாகை அறையில் 92ஐத் தொடும். 100ஐ நெருங்கியதும் பல சில்லுகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துவிடும். பட்ட பாடெல்லாம் வீண். களப்புக் காற்றின் ஈரத்தில் தூசி ஹீட்சிங்க் தகடுகளுக்கிடையே அப்பிக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். நுரைச்சோலை மின்நிலையம் பக்கத்தில் இருந்தும் மின்தடை நம்மை விட்டபாடில்லை: 2025 பெப்ரவரி 9 அன்று நாடே இருண்டது. மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பிக்கும் வேளையில் கரண்ட் போனால் மதர்போர்டே முடங்கலாம்.

இருந்தாலும் இதை வீண் விளையாட்டென்று தள்ள எனக்கு மனமில்லை. பயாஸில் வேகப் பெருக்கெண்ணை 42இலிருந்து 43 ஆக்கி, சினிபெஞ்ச் சோதனையை ஓட்டி, வெப்பநிலையைக் குறித்து, நீலத்திரை வந்தால் ஒருபடி இறங்கும் பிள்ளை, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி அளக்கப் பழகுகிறது. நம் பாடசாலை ஆய்வுகூடங்களில் இந்தப் பயிற்சி எளிதில் கிடைப்பதில்லை.

ஆனால் மின்னழுத்தத்தை ‘ஆட்டோ’வில் விட்டுவிட்டு வேகத்தை மட்டும் ஏற்றுவது ஆபத்து. தேவைக்கு அதிகமான வோல்ட்டை மதர்போர்டே ஊட்டிவிடக்கூடும். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சில்லுகள் சில, யாரும் ஓவர்குளோக் செய்யாமலே மிகை மின்னழுத்தத்தால் கெட்டன. 2024இல் நிறுவனம் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. நிலைகுலைந்த சில்லு எப்போதும் அணைந்து எச்சரிக்காது. சத்தமில்லாமல் கோப்புகளையும் கெடுக்கும்.

ஆகவே, இந்தக் கரையில் தொடங்குபவர் மறுதிசையில் போகட்டும். சில்லு இடம்கொடுத்தால் வேகத்தை அப்படியே வைத்து, மின்னழுத்தத்தைச் சிறுகச் சிறுகக் குறைத்துப் பாருங்கள்: அதே பாடம், குறைந்த சூடு. விலை கூடிய மதர்போர்டுக்கான காசில் எஸ்எஸ்டி வாங்குங்கள். ஓவர்குளோக் செய்தே தீரவேண்டுமென்றால் பழைய கணினியொன்றில் செய்யுங்கள். வீட்டில் படிப்புக்கென இருக்கும் ஒரே கணினியில் வேண்டாம்.