தேனிலவில் எடுத்த நாய் ரத்தம்

ரயன் பாய்கோவும் அவர் மனைவியும் 2007-இல் தேனிலவுக்கு ஆப்பிரிக்கா போனார்கள். மரபணு ஆய்வாளரான அவருடைய சகோதரர் ஆடம் பாய்கோ ஒரு வேலையையும் கொடுத்து அனுப்பினார்: போகிற ஊர்களில் திரியும் நாய்களிடம் ரத்தம் எடுத்து வர வேண்டும். அப்படித் தொடங்கிய சேகரிப்பில் எகிப்து, உகாண்டா, நமீபியா என மூன்று நாடுகளின் 318 ஊர் நாய்கள் சேர்ந்தன. 2009-இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. கேட்கச் சுவையான கதைதான். ஆனால் ஊர் ஊராகப் போய் இப்படிச் சேர்த்த மாதிரிகளை அறிவியல் எவ்வளவு தூரம் நம்பலாம்?

பயணத்தின் தேவையை முதலில் பார்த்துவிடலாம். 2002-இல் பீட்டர் சவோலைனென் குழு 654 நாய்களின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை ஒப்பிட்டு, ஓநாய் நாயானது கிழக்காசியாவில் என்றது. மரபணு வேறுபாடு அங்கேதான் அதிகம் என்பது அவர்கள் சான்று. அதில் ஓர் ஓட்டை இருந்தது. கிழக்காசியாவிலிருந்து ஊர் நாய்கள் நிறைய வந்திருந்தன. மற்ற இடங்களிலிருந்து பெரும்பாலும் வளர்ப்பு இன நாய்கள். வளர்ப்பு இனம் என்பது பல தலைமுறைகளாக நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்த்து உருவாக்கியது. அதில் வேறுபாடு குறைவாக இருப்பதில் வியப்பில்லை. ஊர் நாயை ஊர் நாயோடுதான் நிறுத்துப் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்க ஊர் நாய்களை எடுத்துப் பார்த்தபோது கிழக்காசிய நாய்களுக்கு இணையான வேறுபாடு அவற்றிலும் இருந்தது. முந்தைய முடிவின் அடித்தளம் ஆட்டம் கண்டது. இந்த ஒரு திருத்தத்துக்காகவே அந்தப் பயணம் தகும்.

வேலை லேசானதல்ல. பழக்கமில்லாத நாயின் வாயைத் துணி நாடாவால் கட்டி, ஒருவர் அணைத்துப் பிடிக்க, இன்னொருவர் முன்னங்காலை நீட்டி, ரத்தக்குழாய் புடைக்கும்படி கட்டை விரலால் அழுத்த வேண்டும். ஊசி ஒரே முறையில் இறங்காவிட்டால் நாய் மறுமுறைக்குக் காத்திராது. எடுத்த ரத்தம் ஊதா மூடிக் குழாய்க்குள் போனதும் எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். விட்டுவிட்டால் உறையும், வேகமாகக் குலுக்கினால் செல்கள் உடையும். குழாயின் மேல் ஊர், தேதி, ஆணா பெண்ணா என்று எழுத மறந்தால் பட்ட பாடெல்லாம் வீண். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ளாமல் இதில் இறங்கவே கூடாது.

இனிக் குறைக்கு வருகிறேன். பயணி போகிற பாதையே மாதிரியைத் தேர்ந்துவிடுகிறது. வண்டி போகிற ஊரில், பிடி கொடுக்கிற நாயிடம்தான் ரத்தம் எடுக்க முடியும். சாலையும் நகரமும் நெருங்க நெருங்க வெளிநாட்டு நாய்களின் கலப்பும் கூடும் என்று எதிர்பார்ப்பதே நியாயம். இதே ஆய்வு, ஆப்பிரிக்க ஊர் நாய்களில் மண்ணுக்குரியவையும் ஐரோப்பியக் கலப்புடையவையும் விரவிக் கிடப்பதைக் காட்டியது. நமீபியாவின் நடுப்பகுதியில் கலப்பு மிகுதி. ஒரே பாதையில் மட்டும் போயிருந்தால் ஒரு நாட்டைப் பற்றியே தவறான படம் கிடைத்திருக்கும். ஏழு பகுதிகளில் எடுத்ததால் தப்பித்தார்கள். ஆப்பிரிக்க இனம் என்று பெயர் வாங்கிய ஃபாரோ ஹவுண்டும் ரொடீசியன் ரிட்ஜ்பேக்கும் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த வம்சம் என்று தெரிந்ததும் இந்த ஊர் நாய்களோடு ஒப்பிட்டதால்தான்.

2015-இல் ஆடம் பாய்கோ குழு வெளியிட்ட பெரிய கட்டுரையில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு. 38 நாடுகளின் 549 ஊர் நாய்களையும் 161 இனங்களைச் சேர்ந்த 4,676 நாய்களையும் சேர்த்து ஆராய்ந்து, நாய் தோன்றியது மத்திய ஆசியாவில் என்றார்கள். உழைப்பு மலைக்க வைக்கிறது. ஆனால் நாய் மனிதனோடு இடம்பெயர்ந்துகொண்டே இருந்த உயிர். இன்று ஓரிடத்தில் இருப்பதை வைத்துப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்ததைச் சொல்வது கடினம். மறு ஆண்டே, அயர்லாந்தின் நியூகிரேஞ்சில் முன்பே கிடைத்திருந்த சுமார் 4,800 ஆண்டுப் பழமையான நாயின் எலும்பை ஆராய்ந்த முடிவு விவாதத்தைத் திசை திருப்பியது. 2022-இல் 72 பண்டைய ஓநாய்களின் மரபணுத் தொகுதிகள், நாய்கள் யூரேசியாவின் கிழக்குப் பகுதி ஓநாய்களுக்கே அதிகம் நெருக்கம் என்றன. மேற்காசிய, ஆப்பிரிக்க நாய்களில் மேற்கு ஓநாய் வழியும் கலந்திருப்பதையும் காட்டின. பிறப்பிடத்தைப் பொறுத்தவரை, உயிருள்ள நாயின் ரத்தத்தைவிட மண்ணுக்குள் கிடந்த எலும்பே வலுவான சாட்சி.

அப்படியானால் வீட்டிலிருந்தே எச்சில் மாதிரியைத் தபாலில் பெறுவது போதாதா? அமெரிக்காவின் டார்வின்ஸ் ஆர்க் திட்டம் அப்படித்தான் செய்தது. 2022-இல், நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனத்தின் பங்கு ஏறத்தாழ 9 விழுக்காடுதான் என்று அது நிறுவியது அருமையான வேலை. ஆனால் ஊரில் தன் போக்கில் திரியும் நாய்க்கு யார் தபால் அனுப்புவார்கள்? உலக நாய்களில் பெரும்பான்மை அவைதாம்.

நேரில் போய் எடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. செர்னோபிலில் 302 நாய்களிடம் மாதிரி எடுத்தபோது அதே முகாம்களில் அவற்றுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்தார்கள். ரத்தம் எடுக்கப் போகிற எவருக்கும் நான் வைக்கும் அளவுகோல் இது: எடுத்ததற்கு ஈடாக அந்த ஊர் நாய்க்கு ஏதாவது செய்துவிட்டு வர வேண்டும்.

என் முடிவு இது. பிறப்பிட வழக்கை இந்தப் பயணங்கள் தீர்க்கவில்லை; தீர்க்கவும் முடியாது. ஆனால் எந்த ஊர் நாய் எந்த வழியில் வந்தது என்ற வரைபடத்துக்கு இவற்றை விட்டால் வேறு வழியில்லை. தென்பசிபிக் தீவுகளின் நாய்கள் ஏறக்குறைய முழுக்க ஐரோப்பிய வழி வந்தவை என்றும், இந்தியா, வியட்நாம், எகிப்து நாய்களில் ஐரோப்பியக் கலப்பு மிகக் குறைவு என்றும் சொன்னது அதே 2015 கட்டுரைதான். நம் தெருமுனையில் படுத்திருக்கும் நாயைக் கலப்படம் என்று தள்ளுவதற்கு மரபணுவில் ஆதாரம் இல்லை.