அளவுகோல் ஒன்று, பயிற்சி வேறு

போர்முனைப் பணிகள் அனைத்தையும் பெண்களுக்குத் திறந்துவிடுவதாக அமெரிக்கா 2015 டிசம்பரில் அறிவித்தது. அதற்கு மூன்று மாதம் முன் மரீன் படை வெளியிட்ட ஆய்வுச் சுருக்கத்தைத்தான் எதிர்ப்பாளர்கள் இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள். அதன்படி, சோதித்த 134 செயல்களில் 93-இல் ஆண்கள் மட்டுமே உள்ள அணி கலப்பு அணியை முந்தியது. எலும்பு, தசைக் காயங்கள் பெண்களில் 40.5 சதவீதம், ஆண்களில் 18.8.

முதல் கணக்கு அவ்வளவாக நிற்காது. அது அளந்தது சராசரியை. பீரங்கிக் குண்டைத் தூக்குவாரா, அடிபட்டவரை இழுத்து வருவாரா என்று ஆளுக்கு ஆள் சோதித்துத்தானே வேலைக்கு எடுக்க வேண்டும்? பங்கேற்ற பெண்களுக்கு இன்னும் கடுமையான தேர்வு வைத்திருக்க வேண்டும் என்று அன்றைய கடற்படைச் செயலர் ரே மேபஸ் சொன்னதில் நியாயம் உண்டு.

காயக் கணக்கை அப்படித் தள்ள முடியாது. ஆதரவாளர்கள் அதைப் பேசாமல் கடப்பது நேர்மையல்ல. அமெரிக்கத் தரைப்படைப் பயிற்சி முகாமில் நடந்து 2000-இல் வெளியான ஆய்வில், பெண்கள் இரு மடங்குக்கும் மேல் காயப்பட்டனர். ஆனால் உடல்தகுதியில் சமமானவர்களை ஒப்பிட்டபோது அந்த இடைவெளி ஏறக்குறைய மறைந்தது. ஆகவே அந்த இடைவெளியில் பெரும்பங்கு, போதிய தயாரிப்பில்லாமல் பயிற்சிக்கு வந்ததன் விளைவு.

பெரும்பங்குதான், முழுவதும் அல்ல. பெண்களின் எலும்பு சராசரியாக மெலிந்தது. உழைப்புக்கேற்ற உணவு கிடைக்காவிட்டால் மாதவிடாய் நிற்கக்கூடும், எலும்பு மேலும் வலுவிழக்கும். உயரமான ஆண்களின் எட்டுக்கு ஈடுகொடுத்து அணிவகுக்கும் குட்டையான பெண்ணின் இடுப்பெலும்பில் மயிரிழை விரிசல் விழுகிறது. பிரிட்டனில் இப்படிக் காயமடைந்த விமானப்படைப் பெண்களுக்கு அரசு இழப்பீடு தர நேர்ந்தது. எட்டைக் குறைக்கச் செலவே இல்லை! அமெரிக்கக் கடற்படையில் புதிதாய்ச் சேர்ந்த 5,201 பெண்களிடம் நடந்து 2008-இல் வெளியான சோதனையில், கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்ததில் இத்தகைய முறிவுகள் சுமார் 20 சதவீதம் குறைந்தன.

அமெரிக்கத் தரைப்படை 2022-இல் உடற்தகுதித் தேர்வின் மதிப்பெண்ணைப் பாலினவாரியாகப் பிரித்தது. போர்முனைக்கு அது தவறான சலுகை. 2025-இல் 21 போர்ப் பணிகளுக்கு ஒரே மதிப்பெண் என்று மாற்றியது சரி. ஆனால் தேர்வைப் பொதுவாக்கிவிட்டு, சுமையேற்றும் வேகம், உணவு, கவசத்தின் அளவு எல்லாம் ஆண் உடலுக்கே என்று விட்டால் முறிவுகள் தொடரும். மரீன் ஆய்வு கதவை மூடுவதற்குச் சான்றல்ல. பயிற்சியை மாற்றாமல் கதவைத் திறப்பதற்கு எதிரான சான்று.