நாசில் பாடும் சத்தம்

தாமல் ஏரியை ஒட்டிப் போகும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பழைய லேலண்டு லாரி ஒன்று கரும்புகை கக்கினால், எனக்கு முதலில் கண்ணில் படுவது வீணாகும் டீசல்தான். கரும்புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது.

நல்ல மெக்கானிக் எடுத்தவுடன் டீசல் பம்பைத் தொடமாட்டார். ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்ப்பார், டேப்பட் இடைவெளியை கேஜ் விட்டு அளப்பார். பிறகுதான் இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில். அதைக் கழற்றி டெஸ்டரில் மாட்டிக் கைப்பிடியை அழுத்தும்போது பார்க்க வேண்டும்: 200 பாருக்கு மேல் அழுத்தம் ஏறியதும் ‘கிர்ர்’ என்று அதிர்ந்து, டீசல் பனிப்புகை போல விரியும். நுனியில் ஒரு சொட்டு தொங்கினாலும் அவர் விடமாட்டார்; சொட்டும் டீசல் சரியாக எரியாமல் புகையாகத்தான் போகும். அந்தப் பிடிவாதத்துக்காகவே அவரைக் கும்பிடலாம்.

‘இழுவை’ வேண்டும் என்று பம்பில் டீசலைக் கூட்டச் சொல்லும் ஓட்டுநர்கள் உண்டு. மைலேஜும் போகும், பிஸ்டனும் கெடும்.

2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 புகை விதிக்கு ஏற்ற வண்டிகளில் டீசல் அளவைக் கணினியே தீர்மானிக்கிறது. ஆனாலும் அடைத்த ஃபில்டரை மாற்ற இன்றும் கைதான் வேண்டும்.