அளவுகோலும் அளக்கப்படும் பொருளும்

புங்குடுதீவு மடத்துவெளியிலோ யாழ்ப்பாணத்து வேறெந்த ஊரிலோ திருவிழா இரவில் மேளக்கச்சேரி கேட்க அமர்ந்திருப்போரை நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். தவிற்சமா முடியும்வரை அவர்கள் வாய் திறப்பதில்லை; கை மட்டும் தாளமிடும். வித்துவான் எவ்வூரவர், யாரிடம் பயின்றவர் என்ற பேச்செல்லாம் பின்னரே எழும். எழுத்தைப் பற்றிய திறனாய்விலோ இம்முறை பெரும்பாலும் தலைகீழாகிவிடுகின்றது.

1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் எழுந்த மரபுப் போராட்டம் இதற்குத் தக்க சான்று. பேச்சுத்தமிழிற் கதை எழுதியோரைப் பார்த்து மரபு காக்கப் புகுந்தோர் 'இழிசனர் வழக்கு' என்றனர். எவருடைய பேச்சு இழிந்தது என்று திருப்பிக் கேட்டாலே அவ்வாதம் தளர்ந்துவிடும். முற்போக்கு அணியினரின் வினா அதனினும் கனமானது: படைப்பாளி எவர் பக்கம் நிற்கின்றான்? ஆயினும் முன்னதற்கு இலக்கண நூலும் பின்னதற்கு ஆசிரியன் பெயரும் போதுமாயின. நூலைப் படித்துத்தான் விடை காணவேண்டும் என்ற கட்டாயம் இரண்டிலும் இல்லை.

மஹாகவியின் 'குறும்பா' 1966இல் வெளிவந்தது. ஆங்கில லிமெரிக்கைத் தழுவிய ஐந்தடிப் பாக்கள் அவை. அவற்றிற் பேருண்மை தேடுவோரும் பண்டிதத் தமிழ் தேடுவோரும் வெறுங்கையோடு திரும்புவர். அங்குக் கேட்கத்தக்கவை வேறு. ஐந்தாமடி முன்னைய அடிகளைப் புரட்டிப்போடுகின்றதா? சிரித்து ஓய்ந்தபின் எஞ்சுவது யாது? அச்சிரிப்பு மெலியாரைச் சுடுகின்றதா, வலியாரைச் சுடுகின்றதா? இறுதி வினா சமுதாய வினாவே. எனினும் அது பாவின் உள்ளிருந்து பிறப்பது.

புங்குடுதீவினரான மு. தளையசிங்கம் (1935-1973) இவ்வேறுபாட்டை நன்குணர்ந்தவர். 1956 முதல் 1963 வரையிலான காலத்தை ஆராயும் 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி'யில் முற்போக்கு அணியோடு அவர் வாதிடுகின்றார். ஆனால் அவ்வணி செய்ததைக் கணக்கில் எடுத்தே வாதிடுகின்றார். சமுதாயத்தை மறந்து கலை பேசியவர் என்று அவரை ஒதுக்கவும் இயலாது. ஒடுக்கப்பட்ட மக்கள் நன்னீர்க் கிணற்றில் நீரள்ளும் உரிமைக்காக 1971இல் தம் ஊரிலே போராடி அடிபட்டவர் அவர்.

எனினும் அவரும் வழுவிய இடம் உண்டு. அவர் மறைவுக்குப்பின் 1974இல் வெளிவந்த 'மெய்யுள்' கதை, கவிதை என்னும் எல்லைகளைக் கடந்த புதிய உருவத்தை வேண்டுகின்றது. அங்கு எழுதுவோனின் வாழ்வும் ஞானமுமே எழுத்தின் அளவுகோலாகி விடுகின்றன. உயர்ந்த அளவுகோல்தான், ஆனால் நூலுக்கு வெளியே நிற்பது. படைப்பாளியின் கட்சியை வினவியவர்க்கும் அவன் ஞானத்தை வினவியவர்க்கும் இவ்வொரு வகையில் உறவு உண்டு.

இதன் விளைவு அவருடைய கதைகளின் மேலேயே விழுந்தது. 1965இல் வந்த 'புதுயுகம் பிறக்கிறது' தொகுதியை அவர் தத்துவத்துக்கு முன்னுரையாகப் படிப்பது எளிது. அவ்வாறே பெரிதும் படிக்கப்படுகின்றது. அக்கதைகளுள் எது கதையாக நிற்கின்றது, எது கொள்கையின் பாரத்தாற் சரிகின்றது என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லும் வேலை இன்னும் மிகுதியாகவே உள்ளது.