வேட்டுவன் உறங்குகிறான்

பழங்காநத்தத்தில் எங்கள் தெருவிலேயே கதை எழுதுகிற இளைஞர் ஒருவர் இருக்கிறார். சில மாதங்களுக்கு முன்னால் ஒரு மாலையில் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, "படித்துப் பார்த்துச் சொல்லுங்கள் சார்" என்றார். வேட்டைக் கதை. நாகமலை அடிவாரம், நூறு வருஷங்களுக்கு முந்திய காலம், ஒரு கிழ வேட்டைக்காரன், ஆறு வருஷமாக அவன் கைக்கு அகப்படாமல் ஏய்த்துக்கொண்டு திரியும் ஒரு கலைமான். கடைசியில் அந்த மான் பிணையைத் தேடி வெட்டவெளிக்கு வருகிறது. தன்னை மறந்து நிற்கிறது. கிழவன் சுடுகிறான். கதை முடிந்துவிடுகிறது.

நடை நன்றாகவே இருந்தது. ஆனாலும் எனக்குத் திருப்தி ஏற்படவில்லை. ஏன் என்று உடனே சொல்லவும் தெரியவில்லை. "சுட்ட இடம் சரியில்லையோ என்று தோன்றுகிறது" என்று மட்டும் சொல்லி வைத்தேன். அவர் விடுகிறவர் அல்ல. "இணை தேடி வந்ததைக் கொல்வது பாவம் என்கிறீர்களா? நீங்கள் சைவமா, சார்?" என்று சிரித்தார். நியாயமான கேள்விதான். அதற்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் வேட்டைக்காரன் பக்கம் நின்று பார்க்க வேண்டும். முதிர்ந்த ஆண்மான் சுலபத்தில் கிடைப்பதில்லை. பிணைகளும் குட்டிகளும் கூட்டமாக மேயும். வயதான ஆண் பெரும்பாலும் தனித்தே திரியும். அதன் வயதைக் கண்டுகொள்வதே ஒரு கல்வி. நம் சமவெளிகளில் ஒரு காலத்தில் திரிந்த வெளிமானின் ஆணுக்கு வயதாக ஆக மேல்தோல் கறுத்துக்கொண்டே போகும். அதன் முறுக்குக் கொம்பு உதிர்வதே இல்லை. புள்ளிமானுக்கும் கடம்பைமானுக்கும் அப்படி அல்ல. கொம்பு உதிர்ந்து, தோல் மூடிய மொட்டாக முளைத்து, பிறகு காய்ந்து இறுகும். இதையெல்லாம் தெரிந்தவன்தான் வேட்டைக்காரன். அவனுக்குத் தெரிந்த இன்னொரு விஷயம், எந்த எச்சரிக்கையுள்ள ஆண்மானும் அந்த எச்சரிக்கையை மறக்கும் காலம் ஒன்று உண்டு என்பது. அது இணை தேடும் காலம்.

அமெரிக்காவில் வெள்ளைவால் மானை வேட்டையாடுகிறவர்கள் இதற்காகவே நவம்பர் மாதத்தை எதிர்பார்த்திருப்பார்கள். அவர்களில் பொறுமையுள்ளவர்கள் இளம் ஆண்மான் எதிரே வந்து நின்றாலும் விட்டுவிடுவார்கள். நாலைந்து வயது நிரம்பட்டும் என்று வருஷக்கணக்காகக் காத்திருப்பதும் உண்டு. நம் நீலகிரியிலும் வெள்ளைக்காரர்கள் கண்டபடி சுட்டுத் தள்ளிய பிறகு, 1879-ல் சட்டம் ஒன்று வந்தது. இன்ன காலத்தில் சுடலாம், இன்ன காலத்தில் கூடாது என்று வரையறுக்க அது வழி செய்தது. 'எப்போது' என்பதுதான் வேட்டையில் முதல் கேள்வி. 'எப்படி' என்பது அதற்குப் பிறகுதான். அந்த வகையில் நமது இளைஞருடைய கிழவன் குற்றமற்றவன். ஆறு வருஷம் பொறுத்திருக்கிறான். தக்க தருணத்தில் சுட்டிருக்கிறான். தொழில் தெரிந்தவன்.

அப்படியானால் கதையில் குறை எங்கே இருக்கிறது?

நம்முடைய பழைய கதைகளைப் பார்த்தால், அவையும் இந்த 'எப்போது' என்ற கேள்வியைச் சுற்றியே வட்டமிடுகின்றன. வால்மீகிக்கு முதல் கவிதை பிறந்ததே, கூடிக் களித்திருந்த கிரௌஞ்சப் பறவைகளில் ஒன்றை வேடன் வீழ்த்திய கோபத்தில்தான். பாரதத்தில் பாண்டு கதை இன்னும் நுட்பமானது. மான் உருவில் மனைவியோடு கூடியிருந்த கிந்தம முனிவரைப் பாண்டு அம்பெய்து கொல்கிறான். மான்களைக் கொல்வது அரசர்களுக்கு வழக்கந்தானே என்று வாதாடுகிறான். முனிவர் அதை மறுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'கொன்றதற்காக உன்னைக் குறை சொல்லவில்லை. கொஞ்சம் காத்திருந்திருக்கக் கூடாதா?' என்பதுதான் அவருடைய வழக்கு. சாபமும் அதற்குத்தான்.

சேக்கிழார் இதை ஒரு ஒழுக்கமாகவே வகுத்து வைத்திருக்கிறார். கண்ணப்பர் திண்ணனாக இருந்து முதல் வேட்டைக்குப் போகிறார். அவரோடு போகும் வேடர்கள் மிகக் கொடிய வில்லாளிகள். ஆனாலும் யானைக் கன்றுகளைத் துரத்துவதில்லை. சிறு குருளைகளைக் கொல்வதில்லை. கருவுற்று அடி தளர்ந்த பிணைகளை வருத்துவதில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் காவியத்தில் வரும் இந்த விதிக்கும், இன்றைக்கு முதிர்ந்த ஆணை மட்டும் குறி வைக்கிறவனுடைய விதிக்கும் அதிக தூரம் இல்லை.

விதி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மதுரையிலேயே ஒரு கதை இருக்கிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் பாண்டியன் வேட்டைக்குப் போய், ஆண் பன்றியோடு தாய்ப் பன்றியும் மடியும்படி செய்துவிடுகிறான். பன்னிரண்டு குட்டிகள் பசியால் துடிக்கின்றன. சொக்கநாதரே தாய்ப் பன்றியாக வந்து பால் கொடுக்க வேண்டியதாகிறது! வேட்டைக்காரன் செய்த பிழையைத் தெய்வம் வந்து ஈடுகட்டுகிறது.

இவை எல்லாமே பெரிய கதைகள். ஆனால் ஒன்று கவனித்தேன். இவற்றில் கையைத் தடுப்பதோ, தடுக்காததற்குத் தண்டிப்பதோ, வெளியே இருக்கும் ஒன்று. ஒரு கதையில் சாபம், ஒரு கதையில் குலத்தின் ஒழுக்கம், இன்னொன்றில் கடவுளின் கருணை. இந்த மூன்றும் இல்லாமல், தனி மனித மனசு ஒன்று அந்தக் கணத்தில் தானாகவே முடிவு செய்வதைக் காட்டிய கவி எனக்குத் தெரிந்து ஒருவர்தான். வீரை வெளியனார். புறநானூற்றில் 320-வது பாட்டு.

காட்சி மிக எளியது. ஒரு வேட்டுவன் வீட்டு முற்றம். முஞ்ஞையும் முசுண்டையும் படர்ந்து, பந்தல் போடாமலே நிழல் தருகின்றன. வேட்டுவன் அயர்ந்து உறங்குகிறான். முற்றத்தில் அவன் வளர்க்கும் பார்வை மான் நிற்கிறது. பார்வை மான் என்பது காட்டு மான்களை ஏமாற்றி வரவழைப்பதற்காகப் பழக்கி வைத்திருக்கும் பிணை. அதைத் தேடி எங்கிருந்தோ தனித்த கலைமான் ஒன்று வந்துவிட்டது. வந்து அதனோடு கூடி விளையாடுகிறது. வீட்டுக்காரி பார்த்துவிடுகிறாள்.

வேட்டைக்காரன் காத்துக் கிடக்கும் தருணம் இதுவேதான். பிணையைப் பழக்கியதே இதற்காகத்தான். காட்டில் எத்தனை நாள் அலைந்தாலும் கிடைக்காதது வாசலுக்கு வந்து, தன்னை மறந்து நிற்கிறது. கணவனைத் தொட்டு எழுப்பினால் போதும். அவள் எழுப்பவில்லை. அவன் விழித்துக்கொள்வானோ என்று ஒரு பயம். கலை பிணையைப் பிரிந்து போய்விடுமோ என்று இன்னொரு பயம். வீட்டுக்குள் நடமாடாமல் அப்படியே அடங்கி இருக்கிறாள். மான் தோலில் தினை காயப்போட்டிருக்கிறது. காட்டுக்கோழியும் இதலும் வந்து ஆரவாரத்தோடு அதைக் கொத்தித் தின்கின்றன. அவள் விரட்டவில்லை.

இந்தப் பாட்டைப் பல வருஷங்களாக நான் தவறாகவே படித்து வந்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஜீவகாருண்யத்துக்கு உதாரணமாக இரண்டு மேடைகளில் பேசியும் இருக்கிறேன். கைதட்டலும் கிடைத்தது. இளைஞரின் கேள்விக்குப் பிறகு மறுபடி எடுத்துப் படித்தபோதுதான் வெட்கமாக இருந்தது. தினை காய்வது மான் தோலின் மேல் என்று கவி சொல்லியிருக்கிறார். அந்த மானை யார் கொன்றது? அவள் கணவன்தானே! பாட்டு மேலே போகிறது. சந்தனக் கட்டை நெருப்பில் வாட்டிய இறைச்சியைச் சுற்றத்தோடு உண்டு, தங்கிவிட்டுப் போ என்று பாணனுக்கு அழைப்பு வருகிறது. அது மான் இறைச்சி இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. இவள் கொல்லா விரதம் பூண்டவள் அல்ல. நேற்றும் மான் சமைத்திருப்பாள்; நாளையும் சமைப்பாள். இன்றைக்கு, இந்த ஒன்றை மட்டும், இந்தக் கணத்தில் மட்டும் வேண்டாம் என்கிறாள். கருணை என்று பொதுவாகப் பெயர் சூட்டினால், அவளை அவள் வீட்டிலிருந்து கிளப்பி மேடையில் ஏற்றிவிடுகிறோம்.

பாட்டின் உயிர் அந்த இரண்டு பறவைகளில் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். அவை இல்லாவிட்டால் அவள் விட்டுக்கொடுத்தது கலைமானை மட்டுந்தான். அது கைக்கு வராத பொருள். தினை அப்படியல்ல, கையில் இருந்த சோறு. அதுவும் கண் முன்னாலேயே போகிறது. ஒரு சத்தம் போட்டால் தினை பிழைக்கும். ஆனால் மான் ஓடிவிடும், கணவனும் எழுந்துவிடுவான். இரண்டையும் அவள் நிறுத்துப் பார்த்திருக்கிறாள். என்ன விலை என்று தெரிந்தே கொடுக்கிறாள். செலவில்லாத கருணையை எந்தக் கவியும் பாடிவிடலாம். வெளியனார் செலவுக் கணக்கையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்.

கவி நிறுத்திக்கொண்ட இடமும் பெரிதுதான். வேட்டுவன் விழித்தான், கண்டான், மனம் உருகி வில்லைக் கீழே போட்டான் என்று சாதாரணக் கவி எழுதியிருப்பான். இவர் அவனை எழுப்பவே இல்லை. கலை பிறகு என்ன ஆயிற்று என்றும் சொல்லவில்லை. 'இப்படிப்பட்ட ஊர், பரிசிலருக்கு வாரி வழங்கும் இன்ன தலைவனின் ஊர்' என்று முடித்துவிடுகிறார். தலைவனைப் புகழ வந்த பாட்டு. அவனுடைய வாளையோ யானையையோ பாடாமல், அவன் ஊரில் ஒரு ஏழை வீட்டுக்காரி பேசாமல் இருந்ததைப் பாடியிருக்கிறார். இதைவிட ஒரு தலைவனுக்கு என்ன புகழ் வேண்டும்?

அமெரிக்க நாவலாசிரியர் ஃபாக்னர் 1942-ல் வெளியிட்ட 'கரடி' என்ற நெடுங்கதையிலும் சுடாத கணம் ஒன்று உண்டு. வருஷக்கணக்காகத் தேடிய கிழக் கரடி மிக அருகில் வந்துவிடுகிறது. பையன் கையில் துப்பாக்கி இருக்கிறது. சுடவில்லை. ஏன் சுடவில்லை என்பதைக் கதை பிற்பாடு தேடிக்கொண்டே போகிறது. ஃபாக்னர் பெரிய கலைஞர்; அவரைச் சிறிதாக்கிச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அங்கே முடிவு செய்கிறவன் வேட்டைக்காரன். அவன் விட்டுக்கொடுப்பது ஒரு வெற்றியை. வெளியனார் அந்த முடிவைச் சமையல் செய்கிறவளிடம் ஒப்படைத்திருக்கிறார். அவள் விட்டுக்கொடுப்பது சாப்பாட்டை. அதனால்தான் பாட்டு சின்னதாக இருந்தும் மனசில் கனக்கிறது.

இன்றைக்கு 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை குற்றம். வெளிமானைப் பார்க்க வேண்டுமானால் வல்லநாட்டுக்கோ கோடியக்கரைக்கோ கிண்டிக்கோ போக வேண்டும். வேட்டைக்காரன் கதைகளில்தான் மிஞ்சியிருக்கிறான். ஆகவே அவனைப் பற்றி எழுதுகிறவர்களுக்குப் பொறுப்பு அதிகம். அவன் தொழில் ரகசியம் தெரிந்திருக்க வேண்டும். எது தக்க தருணம் என்று தெரியாத வாசகனுக்கு, அந்தத் தருணத்தை ஒருத்தி நழுவவிட்டாள் என்பது எப்படிப் புரியும்? நமது இளைஞருக்கு அந்த அறிவு இருந்தது. அவர் கதையில் இல்லாதது வேறு. ஆறு வருஷம் காத்திருந்த கிழவனுக்கு அந்தக் கணத்தில் தீர்மானிக்க ஒன்றுமே இல்லை. மான் வந்தது, விசை அழுந்தியது. சுட்டது தவறல்ல. சுடாமல் இருக்கவும் கூடியவன் அவன் என்பது கதையில் எங்கும் தெரியவில்லை, அதுதான் குறை.

இதை அவரிடம் சொன்னேன். "அப்படியானால் கிழவனுக்கு ஒரு பெண்டாட்டி வேண்டுமா, சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். போன வாரம் திருத்தி எழுதிக்கொண்டு வந்தார். கிழவனின் பேத்தி வாசலில் சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "இது வெளியனார் சொத்து; திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்றேன். மற்றபடி குறை சொல்ல இடமில்லை. மான் வருகிறது. கிழவன் ஒரு தடவை துப்பாக்கியைத் தாழ்த்துகிறான். வெகு நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறான். வீட்டில் இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லை என்ற நினைவு வருகிறது. மறுபடி உயர்த்துகிறான்.

இந்தத் தடவையும் சுடத்தான் செய்கிறான். அந்தச் சூட்டோடு எனக்குச் சண்டை இல்லை.