கண்ணும் கருத்தும்

திண்டுக்கல் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடை. பெயர் வேண்டாம். அங்கே வயதான சிப்பந்தி ஒருவர் இருக்கிறார். வந்தவர்களிடம் "என்ன வேணும்?" என்று அவர் கேட்பதே இல்லை. புடைவை அடுக்கின் மீது நம் கண் எங்கே ஒரு கணம் தங்குகிறது என்று பார்ப்பார். மறு நிமிஷம் அந்தச் சின்னாளப்பட்டிச் சுங்குடி நம் முன்னால் விரிந்து கிடக்கும். என் மனைவி அவரைப் பெரிய கெட்டிக்காரர் என்பாள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். ஒருமுறை நான் ஓர் அரக்குச் சேலையைச் சற்று நேரம் பார்த்தேன். வாங்குவதற்காக அல்ல, அந்த நிறத்தில் என் அம்மாவுக்கு ஒரு சேலை இருந்தது. அவர் அரக்கிலேயே பதினொரு சேலைகளை விரித்துப் போட்டுவிட்டார். ஒன்றும் வாங்காமல் எழுந்து வர வெட்கமாகப் போய்விட்டது.

அந்தச் சிப்பந்தியின் வேலையை இப்போது யந்திரமும் செய்கிறது. நமக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைக் கண்ணின் மேல் வீசி, அது கருவிழியில் மின்னும் புள்ளிக்கும் பாவைக்கும் உள்ள இடைவெளியைக் காமிரா வழியே கணக்கிட்டு, திரையில் எந்த இடத்தைப் பார்க்கிறோம் என்று சொல்லிவிடுகிறது. 2024-ல் ஐபோனிலேயே, வேறு கருவி எதுவும் இல்லாமல், முன்பக்கக் காமிராவைக் கொண்டு கண்ணால் திரையை இயக்கும் வசதி வந்துவிட்டது. இதில் எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. கண் எங்கே இருக்கிறது என்பது அளக்கக்கூடிய விஷயம். கருத்து எங்கே இருக்கிறது என்றும் யந்திரமே சொல்லப் புகும்போதுதான் கதை எழுதுகிறவன் குறுக்கே பேச வேண்டியிருக்கிறது.

அந்த யந்திரம் கதையும் சொல்லிப் பார்த்திருக்கிறது. 1990-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஸ்டார்க்கர், போல்ட் என்ற இருவர், பிரெஞ்சு எழுத்தாளர் செந்த் எக்சுபெரியின் 'குட்டி இளவரசன்' கதையில் வருகிற மாதிரி ஒரு சின்னஞ்சிறு கிரகத்தைத் திரையில் சுழலவிட்டார்கள். பார்க்கிறவர் கண் பொதுவாக அலைந்தால், யந்திரக் குரல் கிரகத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசும். ஒரு மாடிப்படியில் கண் நின்றால் அந்தப் படியைப் பற்றிச் சொல்லும். பல படிகளை மாறி மாறிப் பார்த்தால், படிகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பேசும். அந்தக் காலத்திலேயே இவ்வளவு செய்தார்கள் என்று நினைத்தால் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. ஊகமும் நுட்பமானதுதான்.

ஆனால் அதைக் கதை சொல்லும் முறையாக எடுத்துக்கொண்டால் எனக்கு ஏமாற்றமே. எங்கள் பாட்டி கதை சொல்லும்போது நான் விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்காக அவள் விளக்கைப் பற்றிப் பேசத் தொடங்கியதில்லை. குரலை ஒரு படி தாழ்த்துவாள், நான் திரும்பிவிடுவேன். நான் பார்க்காத மூலையில்தான் ராட்சசன் நிற்பான். நாவலாசிரியனும் இதைத்தான் செய்கிறான். வாசகர் கண் கல்யாணப் பந்தலில் இருக்கும்போது அடுக்களையில் ஒருத்தி அழுதுகொண்டிருக்கிறாள் என்பதைச் சொல்லத்தானே அத்தியாயம் எழுதுகிறோம்? பார்த்ததையே திருப்பிச் சொல்லும் குரல் நல்ல வழிகாட்டியாக இருக்கலாம். கதைசொல்லி ஆகாது.

திருவள்ளுவர் குறிப்பறிதல் என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் வைத்திருக்கிறார். பொருட்பாலில் 71-வது அதிகாரம், காமத்துப்பாலில் 110-வது. இரண்டாவதில் ஒரு பெண் வருகிறாள். அவன் பார்த்தால் அவள் தரையைப் பார்க்கிறாள். அவன் பாராதபோது அவனைப் பார்க்கிறாள். நம் யந்திரத்தை அவள் முன்னால் வைத்திருந்தால் மண்ணில் அவளுக்கு அலாதி ஈடுபாடு என்று எழுதிக்கொண்டிருக்கும்!

யந்திரத்தின் கட்சியையும் சொல்லிவிட வேண்டும். ரஷ்ய விஞ்ஞானி யார்பஸின் புத்தகம் 1967-ல் ஆங்கிலத்தில் வந்தது. நாடு கடத்தப்பட்ட ஒருவன் எதிர்பாராமல் வீடு திரும்புவதைச் சித்திரித்த ரெப்பின் ஓவியத்தை ஒருவரிடம் காட்டினார் யார்பஸ். இதிலுள்ளவர்களின் வயதைச் சொல் என்றால் கண் முகங்களில் தங்கியது. குடும்பத்தின் செல்வநிலையைச் சொல் என்றால் உடைகளிலும் மேஜை நாற்காலிகளிலும் அலைந்தது. எண்ணத்துக்கேற்பக் கண் போகிறது, ஆகவே கண்ணைக் கொண்டு எண்ணத்தைப் பிடித்துவிடலாம் என்பார்கள். யார்பஸ் கேள்வியைத் தாமே கேட்டுவிட்டு அல்லவா கண்ணைப் பார்த்தார்? கேள்வி தெரியாதவன் அந்தக் கோடுகளை வைத்துப் பின்னோக்கி நடப்பது வேறு காரியம்.

இந்தச் சங்கடம் யந்திரம் செய்கிறவர்களுக்கும் தெரியும். அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த ராபர்ட் ஜேக்கப் 1990-ல் இதற்கு மிடாஸ் ராஜாவின் பெயரை எடுத்துக்கொண்டார். அவன் தொட்டதெல்லாம் பொன்னாகிச் சோறும் தின்ன முடியாமல் போன மாதிரி, பார்த்ததெல்லாம் கட்டளையாகிவிட்டால் மனிதன் எதையும் சும்மா பார்க்க முடியாது. அதனால்தான் இப்போதும் கண் ஓரிடத்தில் குறிப்பிட்ட நேரம் நின்ற பிறகே உத்தரவு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

சென்னையில் 1985-ல் தொடங்கிய வித்யா சாகர் நிறுவனத்தில், கையும் பேச்சும் வசப்படாதவர்களுடன் சேர்ந்து, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் கண்ணால் இயங்கும் யந்திரக் கை ஒன்றை உருவாக்கினார்கள். ஆய்வு 2020-ல் வெளிவந்தது. பொருளை எடுத்து வேறிடத்தில் வைக்கும் கை அது. இங்கே நான் வாயை மூடிக்கொள்கிறேன். கண்ணைத் தவிர வேறு நாக்கு இல்லாதவரிடம் இலக்கிய விமரிசனம் பேசுவது அழகல்ல. ஆனால் இப்படிப்பட்டவர்கள் வெகுகாலமாக உபயோகித்துவரும் சாதனம் ஒன்று உண்டு. எழுத்துகளோ படங்களோ உள்ள, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் பலகை. எதிரில் இருப்பவர் அதன் வழியே கண்ணைப் பார்த்து, "இதுவா?" என்று கேட்கிறார். அந்தக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதன் அருமையை நான் தெரிந்துகொண்டது எங்கள் வீட்டிலேதான்.

அம்மா கடைசி வருஷம் பக்கவாதத்தில் பேச்சிழந்து படுத்திருந்தாள். பின்கட்டு அறையில் கட்டில் போட இடம் வேண்டிப் பெரிய தகரப் பெட்டியைத் தள்ளி வைத்திருந்தோம். அவள் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பாள். சாவியைத் தேடிப் பூட்டைத் திறந்து அந்த அரக்குச் சேலையைக் காட்டினேன். வீட்டுப் பத்திரத்தைக் காட்டினேன். கண்ணை மூடிக்கொள்வாள். திறந்தால் மறுபடியும் பெட்டி. நாலாம் நாள் பக்கத்து வீட்டு அத்தை வந்து கட்டிலருகே உட்கார்ந்து, "மதினி, பெட்டியா வேணும்?" என்று கேட்டாள். இமை அசையவில்லை.

"பெட்டிக்குப் பின்னாடியா?"

இமை இரண்டு தரம் மூடித் திறந்தது.

பெட்டியைக் கொண்டு கொல்லைக் கதவை அடைத்து வைத்திருந்தோம். நானும் தம்பியுமாக அதை நகர்த்தினோம்.